சிம்கோவுக்கு எந்த ஃபிஷ் ஃபைண்டர் வாங்கலாம் என்று கேட்பவர்களுக்கு

ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் ஐஸ் உடைந்து படகுகள் இறங்கத் தொடங்கினால் போதும், என் இன்பொக்ஸில் ஒரே கேள்விதான். "அண்ணை, எந்த ஃபிஷ் ஃபைண்டர் நல்லது? லைவ் சோனார் போட்டால் மீன் கட்டாயம் படுமா?" ஒலியை அனுப்பித் தண்ணீருக்குக் கீழே இருப்பதைத் திரையில் காட்டுகிற சோனார் பெட்டிதான் ஃபிஷ் ஃபைண்டர்; அதையே வீடியோபோல உடனுக்குடன் காட்டினால் லைவ் சோனார். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதி அலுத்துவிட்டது. இந்த முறை எல்லாவற்றையும் இங்கேயே நீட்டாகப் போட்டுவிடுகிறேன். உடன்படாதவர்கள் கீழே வந்து சண்டை பிடிக்கலாம்.

வார இறுதியில் சிம்கோவிலோ ரைஸ் லேக்கிலோ தூண்டில் போடுகிற எங்களைப் போன்ற ஆட்களுக்குச் சோனார் நல்ல சாமான். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் மீனைப் பார்க்கத்தான் வாங்குகிறேன் என்பவர் பாதிக் காசைத் தண்ணீரில் போடுகிறார். அந்தப் பெட்டி காட்டுகிற விடயங்களில் மீனுக்குக் கடைசி இடம். தரை எங்கே சட்டென்று இறங்குகிறது, கீழே பாறையா மணலா சேறா, புல் எந்த ஆழத்தில் முடிகிறது, இதையெல்லாம் பார்க்கப் பழகினால் மீன் எங்கே நிற்கும் என்பது திரையில் ஒரு மீனும் தெரியாமலே விளங்கிவிடும்.

கடையில் டெமோ ஓடவிட்டுக் காட்டுவார்கள். குட்டி மீன், நடுத்தர மீன், பெரிய மீன் என்று வடிவான படங்கள் நீந்தும், பக்கத்தில் ஆழமும் போட்டிருக்கும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக மீன் படம் போடுகிற அந்த ஃபிஷ் ஐடி வசதியை நிறுத்துங்கள். எது மீன், எது புல்லின் நுனி, எது உங்களுடைய சொந்த ஈயக்குண்டு என்று பெட்டிக்குத் தெரியாது. நடுத்தண்ணீரில் எதிரொலி ஒன்று வந்தால் அதற்கு மீன் படம் கீறிவிடும், அவ்வளவுதான்.

உள்ளே நடப்பது பெரிய மந்திரம் இல்லை. படகுக்குக் கீழே இருக்கிற டிரான்ஸ்டியூசர் ஒரு சின்ன ஒலித்துடிப்பை அனுப்பும், எங்கள் ஏரிகளில் பெரும்பாலும் 200 கிலோஹேர்ட்ஸ் அளவில். நன்னீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,450 மீற்றர் போகும். 30 அடி ஆழத்துக்குப் போய்த் திரும்ப ஒரு வினாடியின் எண்பதில் ஒரு பங்கு அளவுதான் தேவை. அந்த நேரத்தைத்தான் பெட்டி ஆழமாக மாற்றிக் காட்டுகிறது. மீனின் உடம்பில் பலமான எதிரொலி தருவது தசையைவிட உள்ளே இருக்கிற காற்றுப்பைதான்.

இருட்டில் டோர்ச் அடித்ததுபோல இந்த ஒலி கீழே போகப் போக விரியும். 20 பாகைக் கூம்பு என்றால் 30 அடித் தரையில் சுமார் 10 அடி அகல வட்டம். திரையில் மீன் தெரிகிறது என்றால் அந்த வட்டத்துக்குள் எங்கேயோ இருக்கிறது. இடமா வலமா, முன்னுக்கா பின்னுக்கா என்று சாதாரண 2டி சோனார் சொல்லவே சொல்லாது.

இன்னொன்று. திரையின் வலது ஓரத்தில் இருக்கிற ஒரு மெல்லிய கோடு மட்டும்தான் இந்த நிமிடம். அதற்கு இடப்பக்கம் இருப்பதெல்லாம் பழைய கதை. படகை நிறுத்தினாலும் படம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். சின்ன பேர்ச் மீன் ஒன்று படகுக்குக் கீழே அசையாமல் நின்றால் திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நீளமாகக் கோடு போடும். அதைப் பார்த்துவிட்டு "மச்சான், திமிங்கிலமடா!" என்று கத்தினவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். பெயர் சொல்லமாட்டேன், அவர்களும் இதை வாசிப்பார்கள். கோட்டின் நீளத்தை விடுங்கள். அதன் தடிப்பைப் பாருங்கள், நிறம் எவ்வளவு அழுத்தமாக இருக்கிறது என்று பாருங்கள்.

சரி, தரைக்கு வருவோம். கடினமான தரை என்றால் பட்டை தடிப்பாகவும் பளிச்சென்றும் வரும். சில நேரம் சரியாக இரட்டிப்பு ஆழத்தில் இரண்டாவது கோடு ஒன்றும் தெரியும். ஒலி தரையில் பட்டு, மேற்பரப்பில் பட்டு, திரும்பவும் தரைக்குப் போய்வந்த கோடு அது. அது வந்தால் கீழே பாறை அல்லது கட்டியான சரளை. சேறு என்றால் பட்டை மெலிந்து மங்கும். இந்த இரண்டும் மாறுகிற இடத்தை நான் உடனே வேபொயின்ற், அதாவது ஜிபிஎஸ்ஸில் இடக்குறி, போட்டு வைத்துவிடுவேன், அங்கே மீன் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும்.

சிம்கோவில் இது ஏன் முக்கியம் என்றால், இங்கே ஸ்மால்மவுத் பாஸ் மீன் தின்று கொழுப்பது ரவுண்ட் கோபி என்கிற வந்தேறிக் குட்டி மீனை. கோபிக்குக் காற்றுப்பையே கிடையாது, தரையோடு ஒட்டிக் கல்லுக்குள் கிடக்கும். ஆகவே சோனாரில் அது தெரியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தேடி வருகிற பாஸும் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு நிற்கும். சரிவான இடம் என்றால் பாஸின் எதிரொலி தரைக் கோட்டுக்குள் மறைந்துவிடும். தீவுகளைச் சுற்றியிருக்கிற பாறைத் திட்டுகளில் "ஒன்றும் இல்லை" என்று படகைக் கிளப்பிக்கொண்டு போகிறவர்கள் எத்தனை நல்ல மீனுக்கு மேலால் போகிறார்களோ தெரியாது.

இதே ஏரியின் குக்ஸ் பே என்கிற குடாப் பக்கம் போனால் கதை வேறு. அங்கே ஆழம் குறைவு, புல்லுக்குக் குறைவில்லை. தேடவேண்டியது புல்லின் வெளி ஓரம். திரையில் பச்சைப் பற்றையாக உயர்ந்து வந்துகொண்டிருப்பது ஓரிடத்தில் சட்டென்று நிற்கும். கெம்பன்ஃபெல்ட் பேயில் ஆழம் 40 மீற்றரைத் தாண்டும். கோடையில் மேலே சூட்டுத் தண்ணீர், கீழே குளிர்த் தண்ணீர் என்று ஏரி இரண்டு அடுக்காகப் பிரிந்திருக்கும். சென்சிடிவிட்டியை (மெல்லிய எதிரொலியையும் பிடிக்கிற அளவை) ஓட்டோவிலிருந்து எடுத்துக் கொஞ்சம் கூட்டினால் அந்த எல்லை புகைபோல ஒரு பட்டையாகத் திரையில் விழும். லேக் ட்ரௌட் மீன் தேடுகிறவருக்கு ஜூலை, ஆகஸ்டில் அந்த ஒரு பட்டையே போதும். அதற்கு மேலே மினக்கெடத் தேவையில்லை.

இதற்கெல்லாம் பெரிய பெட்டி வேண்டாம். 300, 400 டொலருக்கு ஜிபிஎஸ் உள்ள ஐந்து அங்குலத் திரை ஒன்று போதும். ஓடுகிற இடத்தின் ஆழக்கோடுகளைத் தானே வரைகிற வசதி இருக்கிறதா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். கார்மினில் குவிக்டிரோ, ஹம்மின்பேர்டில் ஓட்டோசார்ட் என்று பெயர். மீன் வாய் திறக்காத நாட்களில் நான் தூண்டிலை வைத்துவிட்டு மெதுவாகக் கோடு போட்டதுபோல மேலும் கீழும் ஓடி மேப் எடுப்பேன். கூட வந்தவர்கள் சலிப்பார்கள். சலிக்கட்டும், இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டு இருக்கட்டும்.

பூட்டுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். படகு ஓடும்போது திரை வெறுமையாகப் போகிறது, ஆழம் காட்டவில்லை, பெட்டி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பெரும்பாலும் பெட்டியில் ஒரு பிழையும் இராது. டிரான்ஸ்டியூசருக்குக் கீழே காற்றுக் குமிழி ஓடுகிறது. அலுமினியப் படகின் அடியில் இருக்கிற ஆணி வரிசைக்கோ மடிப்புக்கோ நேர் பின்னால் அதைப் பூட்டினால் குமிழியைத் தவிர வேறொன்றும் கிடைக்காது. புரொப்பெல்லரிலிருந்தும் தள்ளி, அடித்தகடு மழமழவென்று இருக்கிற இடத்தில் பூட்டுங்கள். அடுத்தது பற்றறி. மோட்டரை ஸ்டார்ட் பண்ணும்போது பெட்டி அணைந்து திரும்ப வருகிறது என்றால் இரண்டும் ஒரே பற்றறியில் இழுபடுகின்றன. சோனாருக்குத் தனியாக ஒரு சின்னப் பற்றறி வையுங்கள், வயரையும் மோட்டர் வயரோடு சேர்த்துக் கட்டாதீர்கள். திரையில் மழைபோல விழுகிற கோடுகள் பாதி அதோடு போய்விடும்.

அப்புறம் அந்தப் பழைய வழக்கு. "எங்கட அப்பாமார் மிஷின் வைத்தா மீன் பிடித்தவை? இது களவு விளையாட்டு" என்று ஒவ்வொரு பதிவின் கீழும் யாராவது எழுதுவார்கள். இது நேற்று வந்த சாமான் இல்லை. ஜப்பானில் ஃபுரூனோ கொம்பனி மீன்காட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது 1948இல். அமெரிக்காவில் லோரன்ஸின் சின்னப் பச்சைப் பெட்டி 1959இல் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடுகிறவர்களின் கைக்கு வந்துவிட்டது. ஊரிலும் ஆழக்கடலுக்குப் போகிறவர்கள் ஜிபிஎஸ்ஸும் எக்கோ சவுண்டரும் வைத்திருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் களவு என்று சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறது என்று.

ஆனால் லைவ் சோனார் என்று வரும்போது நான் கொஞ்சம் நின்றுதான் பேசுவேன். 2018இல் கார்மின் லைவ்ஸ்கோப் வந்தது. பிறகு லோரன்ஸும் ஹம்மின்பேர்டும் தங்களுடையதைக் கொண்டுவந்தன. இது படகுக்கு முன்னால் என்ன நடக்கிறது என்பதை வீடியோபோல அந்தந்த நொடியே காட்டுகிறது. உங்கள் தூண்டில் இரை கீழே இறங்குவது தெரியும், மீன் திரும்பிப் பார்ப்பது தெரியும், கிட்ட வந்துவிட்டு மனம் மாறிப் போவதும் தெரியும். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளே இதனால் ஆடிப்போய்விட்டன. பாஸ்மாஸ்டர் எலீட் என்கிற போட்டித்தொடர் 2025இல் ஒரு படகுக்கு ஒரு லைவ் டிரான்ஸ்டியூசர்தான், எல்லாத் திரைகளும் சேர்த்து 55 அங்குலத்துக்கு மேல் கூடாது என்று விதி போட்டது. மேஜர் லீக் ஃபிஷிங்கின் பாஸ் புரோ டூர் ஒரு நாளின் மூன்று பகுதிகளில் ஒன்றில் மட்டும் அனுமதித்தது. இன்னொரு லீக் முழுதாகவே தடை.

மீன் கட்டாயம் படுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒரு உதாரணம். 2023 பாஸ்மாஸ்டர் கிளாசிக் போட்டியை வென்றவர் எங்கள் ஒன்ராறியோக்காரர், ஜெஃப் குஸ்தாஃப்சன். அந்தக் கோப்பையை எடுத்த முதல் கனடியர். டென்னசி ஆற்றில் ஆழத்து ஸ்மால்மவுத் எங்கே நிற்கிறது என்று அவருக்கு அத்துப்படி. அப்படியிருந்தும், ஐந்து மீன் எடை போடக்கூடிய கடைசி நாளில் அவருக்கு அகப்பட்டது இரண்டே இரண்டு. உலகத்தரமான ஆளுக்கே அதுதான் நிலைமை. நானும் நீங்களும் எந்த மூலை?

எனக்குப் பிரச்சினை களவா இல்லையா என்பதில் இல்லை, ஆழத்தில். இலையுதிர் காலத்தில் பாஸ் கூட்டமாக 35, 40 அடிக்கு இறங்கிவிடும். முன்பு அந்தக் கூட்டத்தைக் கண்டுபிடிக்கவே நாள் போய்விடும். இப்போது லைவ் சோனாரைச் சுற்றித் திருப்பினால் மணிகள் சிதறிக் கிடப்பதுபோல எல்லாம் தெரியும். ஒன்றொன்றாகத் தூக்கி, படம் எடுத்து, "விட்டுவிட்டேன்" என்று போடுகிறார்கள். பாஸ், வால்ஐ, பேர்ச் இவற்றின் காற்றுப்பை மூடிய பை. அந்த ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் உள்ளே காற்று விரிந்து, கண் பிதுங்கி, இரைப்பை வாய்க்குள் தள்ளிக்கொண்டு வரும். விட்டால் வயிறு மேலே தெரிய மிதக்கும், சீகல் வந்து கொத்தும். இதற்குப் பெயர் விடுவதா? ஊசியால் குத்திக் காற்றெடுக்கிறேன் என்று யூடியூப் பார்த்துவிட்டு வெளிக்கிடுகிறவர்கள் ஈரலையும் சேர்த்துக் குத்துகிறார்கள்.

லேக் ட்ரௌட்டுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அதன் காற்றுப்பைக்குத் தொண்டைப் பக்கம் வழி இருக்கிறது. மேலே வரும்போதே குமிழி விட்டுக்கொண்டு வரும். கோடையில் மட்டும் சூட்டுத் தண்ணீரில் அதிக நேரம் வைத்திருக்காதீர்கள்.

ஆகவே லைவ் சோனாரைத் தடை செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. சில ஆயிரம் டொலர் சும்மா இருந்தால் வாங்குங்கள், உங்கள் காசு. ஆனால் 25 அடிக்குக் கீழே பாஸ் தெரிந்தால் இரண்டில் ஒன்று. உங்கள் உரிமத்துக்கு அனுமதிக்கிற எண்ணிக்கைக்குள் எடுத்துக்கொண்டு வந்து நல்ல உறைப்பாகக் குழம்பு வையுங்கள், எண்ணிக்கை முடிந்ததும் தூண்டிலைச் சுற்றுங்கள். அல்லது கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் படகைத் திருப்புங்கள்.

செட்டிங்ஸில் சந்தேகம் இருந்தால் பெட்டியின் மொடலையும் திரையின் படத்தையும் கீழே போடுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். படகின் பின்பக்கத்தையும் ஒரு படம் எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது, பாதிப் பிரச்சினை அங்கேதான் இருக்கும். வேபொயின்ற் கேட்டு மட்டும் இன்பொக்ஸுக்கு வரவேண்டாம், மச்சானுக்கே கொடுக்கவில்லை.