முத்திரை இல்லாத சீட்டுகள்

நிர்வாக அதிகாரம் முழுவதையும் அதிபரிடம் கொடுக்கலாமா என்று துருக்கி மக்களிடம் கேட்ட 2017 பொதுவாக்கெடுப்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "51 சதவீதமோ 91 சதவீதமோ, ஜெயிச்சது ஜெயிச்சதுதானே" என்று யாராவது முடித்துவைக்கப் பார்க்கிறார்கள். வித்தியாசம் குறைவு என்பதற்காக ஒரு முடிவைத் தள்ளிவிட முடியாது, அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 1997இல் பிரிட்டனின் வேல்ஸ் மக்கள் தங்களுக்கென ஒரு சட்டமன்றம் வேண்டுமா என்று வாக்களித்தபோது வித்தியாசம் வெறும் 6,721 ஓட்டு. அந்த முடிவு நின்றது. சட்டமன்றத்தின் அதிகாரத்தைக் கூட்டலாமா என்று 2011இல் கேட்டபோது தெளிவான பெரும்பான்மை 'ஆம்' என்றது.

துருக்கியில் என்னை உறுத்துவது எண்ணிய விதம்.

அந்த வாக்குச்சீட்டில் ஒரு பாதி வெள்ளை, 'ஆம்' என்பதற்கு. மறு பாதி பழுப்பு, 'இல்லை' என்பதற்கு. வாக்காளர் கையில் கொடுக்கும் சீட்டின் பின்புறத்திலும் அதைப் போடும் உறையிலும் வாக்குச்சாவடிக் குழுவின் முத்திரை இருக்க வேண்டும். முத்திரை இல்லையென்றால் சீட்டு செல்லாது என்று தேர்தல் சட்டமே சொன்னது. வெளியிலிருந்து கள்ளச்சீட்டு பெட்டிக்குள் வராமல் தடுக்க இருந்த காவல் அது. ஏப்ரல் 16 அன்று, நாட்டின் சில பகுதிகளில் எண்ணிக்கை நடந்துகொண்டிருக்கும்போதே, ஆளுங்கட்சிப் பிரதிநிதி கேட்டுக்கொண்டதன் பேரில், முத்திரை இல்லாதவையும் செல்லும் என்று உச்சத் தேர்தல் வாரியம் அறிவித்தது.

வாரியம் சொன்ன காரணத்தை ஒரேயடியாக ஒதுக்க மாட்டேன். அதிகாரி முத்திரை குத்த மறந்ததற்கு வாக்காளர் ஏன் ஓட்டை இழக்க வேண்டும்? நியாயமான கேள்விதான். அப்படியானால் அந்தச் சீட்டுகளைத் தனியாகக் கட்டிவைத்து, எத்தனை என்றாவது எண்ணியிருக்க வேண்டாமா? அந்த எண்ணிக்கை வரவே இல்லை. 'ஆம்' 51.4 சதவீதம், வித்தியாசம் 14 லட்சத்துக்குச் சற்றே குறைவு. முத்திரையில்லாச் சீட்டுகள் அதைவிடக் குறைவா, கூடுதலா? யாராலும் நிரூபிக்க முடியாதபடி ஆக்கிவிட்டார்கள். முடிவை ரத்து செய்யக் கோரிய மனுக்களை, பத்து உறுப்பினர்கள் ஒரு பக்கம், ஒருவர் மறுபக்கம் என்ற கணக்கில் வாரியம் தள்ளுபடி செய்தது.

இத்தனைக்கும் அது ஒரு சாதாரணக் கேள்வி அல்ல. பிரதமர் பதவியையே ஒழித்து நிர்வாக அதிகாரம் முழுவதையும் அதிபரிடம் கொடுக்கும் 18 திருத்தங்கள், ஒரே 'ஆம்/இல்லை'யில். நாடு அவசரநிலையில் இருந்தது. 'இல்லை' பக்கம் நின்ற, குர்து மக்கள் ஆதரவுக் கட்சியான எச்டிபியின் தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். இஸ்தான்புல், அங்காரா, இஸ்மிர் மூன்றும் 'இல்லை' என்றன. அன்றிரவு இஸ்தான்புல்லின் சில பகுதிகளில் மக்கள் ஜன்னலோரம் நின்று பாத்திரங்களைத் தட்டி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அவர்களைத் தோல்வியைத் தாங்காதவர்கள் என்று சொல்பவர்கள்மீது எனக்குக் கோபம்தான் வருகிறது. தோற்றவர்கள் கேட்டது கணக்கு.

அதே வாரியம் 2019இல் என்ன செய்தது தெரியுமா? இஸ்தான்புல் மேயர் தேர்தலில் எதிர்க்கட்சியின் இமாமோலு சுமார் 13,000 ஓட்டில் வென்றார். சில வாக்குச்சாவடிகளின் தலைவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை என்று சொல்லி அந்தத் தேர்தலையே ரத்து செய்தார்கள். 2017இல் அதிகாரிகளின் பிழைக்காக வாக்காளரைத் தண்டிக்கக் கூடாது என்றவர்கள்தான் இவர்கள். ஒரே உறைக்குள் மேயர் சீட்டோடு போட்ட மற்ற உள்ளாட்சிச் சீட்டுகள் எல்லாம் செல்லும், மேயர் சீட்டு மட்டும் செல்லாது! மறுதேர்தலில் அவர் 8 லட்சத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றது வேறு கதை.

2017இல் நடந்தது சட்டப்படி சரி என்று இன்றும் வாதாடுகிறவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேள்வி. முத்திரை இல்லாத சீட்டும் செல்லும் என்று 2018 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் ஏன் சட்டத்தைத் திருத்தினார்கள்?