கேப்சூல்ல சிலந்தி விஷமா? அந்த ஃபார்வர்டை நிறுத்துங்க

ரெண்டு நாளா எங்க மாம்பலம் அபார்ட்மென்ட் குரூப்ல ஒரு மெசேஜ் சுத்துது, "கேப்சூல் மாத்திரை மேலோடு சிலந்தி வலைல செய்றாங்க, விஷம் உள்ள போகும், சாப்பிடாதீங்க"ன்னு. எதிர்வீட்டு மாமி பயந்துபோய் ஆன்டிபயாடிக்கையே பாதில நிறுத்திட்டாங்க, அதான் எழுதுறேன்.

கடைல வாங்குற கேப்சூல் ஓடு பெரும்பாலும் ஜெலட்டின், அதாவது மாட்டோட இல்லேன்னா பன்னியோட எலும்பு, தோல்ல இருந்து எடுக்கறது. சைவம்னா செல்லுலோஸ்ல செஞ்சதும் இருக்கு. சந்தேகம்னா மெடிக்கல் ஷாப் ஃபார்மசிஸ்ட்கிட்ட கேளுங்க.

அப்போ சிலந்தி எங்கேர்ந்து வந்துச்சு? ஜெர்மனில மியூனிக் பக்கம் விஞ்ஞானிங்க 2007லயே சிலந்திப் பட்டுப் புரதத்துல கண்ணுக்குத் தெரியாத குட்டிக் கேப்சூல் செஞ்சு காட்டினாங்க, அட்வான்ஸ்டு மெட்டீரியல்ஸ் ஜர்னல்ல வந்துச்சு, தேடினா கிடைக்கும். இதுல சிலந்தியையே பிடிக்கல! தோட்டத்துச் சிலந்தியோட பட்டுப் புரதத்தைப் பார்த்து ஒரு ஜீனை வடிவமைச்சு ஈ.கோலை பாக்டீரியால வச்சாங்க, அந்தப் புரதத்தை பாக்டீரியாவே செய்யுது (இன்சுலின் கூட இப்படித்தான் செய்றாங்க). அப்புறம் தண்ணில கரைச்சு, எண்ணெய் மாதிரி தண்ணியோட சேராத திரவத்துல கலக்கினா, ஒவ்வொரு தண்ணித் துளி மேலயும் புரதம் படிஞ்சு மெல்லிசா ஒரு தோல் ஆயிடும், அதான் கேப்சூல்.

விஷமா? பட்டு வயித்துப் பக்கச் சுரப்பில வருது, விஷம் வாய்ப்பக்கம், ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல.

மாமிகிட்ட டாக்டருக்கு போன் பண்ணச் சொல்லியாச்சு. உங்களுக்கும் அந்த மெசேஜ் வந்தா டெலீட் பண்ணிடுங்க, அனுப்பினவங்ககிட்டயும் சொல்லுங்க ப்ளீஸ்.