மஞ்சள் பால் குடித்தால் மூட்டுவாத மாத்திரையை நிறுத்தலாமா?

"தினமும் ராத்திரி மஞ்சள் பால் குடித்தால் அழற்சி அடங்கிவிடும், மூட்டுவாத மாத்திரையே வேண்டாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. முதல் பாதியில் கொஞ்சம் உண்மை உண்டு. இரண்டாம் பாதி ஆபத்து.

மஞ்சளில் அழற்சியை, அதாவது வீக்கமும் வலியுமாக வருவதை, குறைக்கக்கூடிய பொருள் குர்குமின். தூளில் அது சுமார் 3 சதவீதம்தான். ஒரு டீஸ்பூன், அதாவது 3 கிராம் போட்டாலும் 90 மில்லிகிராம்தான் தேறும் (அவ்வளவு போட்ட பாலை வாயில் வைக்க முடியாது என்பது வேறு விஷயம்). மூட்டுவலி ஆய்வுகளில் கொடுப்பதோ பெரும்பாலும் 500 மில்லிகிராமுக்கு மேல். சாப்பிடும் குர்குமினும் ரத்தத்தில் எளிதில் சேராது. மிளகிலுள்ள பைப்பரினையும் சேர்த்துக் கொடுத்தபோது உறிஞ்சுதல் 20 மடங்கு கூடியதை, பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு 1998இல் காட்டியது. நம் ரசத்தில் மஞ்சளும் உண்டு, மிளகும் உண்டு. அதற்காக ரசம் மருந்தாகிவிடாது.

கம்பு, கீரை, பயறு, மத்தி மீன் என்று சாப்பாட்டையே மாற்றிக்கொள்வது நல்லதுதான், மாத்திரையோடு சேர்த்து. முடக்குவாதத்துக்கு (உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டைத் தாக்கும் மூட்டுவாதம்) அதை அடக்கும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை எடுப்பவர் தானாக நிறுத்தினால் நோய் மறுபடி கிளம்பி மூட்டை அரிக்கலாம். அரித்த மூட்டு பழையபடி ஆகாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் மஞ்சள் கேப்சூலைக்கூட டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது, ரத்தக்கசிவு கூடலாம்.