அமெரிக்க ஆய்வு உதவித்தொகைக்கு வரி இல்லையா? ஒரு திருத்தம்

"புலமைப்பரிசிலுக்கு அமெரிக்காவில் வரியே இல்லை, மருத்துவக் காப்புறுதிக்கும் அப்படித்தான்" என்று யாழ்ப்பாணத்திலிருந்து கலாநிதிப் படிப்புக்குச் செல்லவிருக்கும் மாணவருக்குக் கூறப்பட்ட விளக்கம் பாதியளவே சரியானது.

அந்நாட்டு வருமான வரிச் சட்டத்தின் 117ஆம் பிரிவு, பட்டத்துக்குப் படிப்பவரின் கற்கைக் கட்டணத்துக்கும் பாடநெறிக்குக் கட்டாயமான நூல்கள், உபகரணங்களுக்கும் செலவாகும் பகுதிக்கு மட்டுமே விலக்களிக்கிறது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் என்று கையில் கிடைக்கும் பணம், 1986ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்துக்குப் பின்னர், வரிக்குரிய வருமானமே. எஃப் (மாணவர்) அல்லது ஜே (பரிமாற்றத் திட்ட) விசாவில் இருப்பவர் வரி நோக்கில் வதிவற்றவராக, அதாவது அந்நாட்டில் வசிப்பவர் அல்லாதவராக, கணிக்கப்படும்வரை, பல்கலைக்கழகம் அப்பகுதியில் பொதுவாக 14 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டே மீதியைக் கொடுக்கும். 30,000 டொலருக்கு அது 4,200 டொலர். இறுதிக் கணக்கு மறு ஆண்டு வரி அறிக்கையில்தான் தீரும். ஒரே ஆய்வுகூடத்தில் இருக்கும் இந்திய நண்பரின் கணக்கைப் பார்த்து எழுதிவிட வேண்டாம்: அவருடைய நாடு அமெரிக்காவுடன் செய்த வரி உடன்படிக்கை வழங்கும் நிலையான கழிவு (வரி கணிக்குமுன் வருமானத்தில் குறைக்கப்படும் தொகை) இலங்கையருக்குக் கிடையாது.

காப்புறுதி விடயம் இன்னும் சிக்கலானது. ஊழியருக்காக நிறுவனம் செலுத்தும் மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் அவருடைய வருமானத்தில் சேராது என்பது உண்மை. ஆனால் உதவித்தொகையில் இயங்கும் பட்டப்பின் ஆய்வாளர் ஊழியராகக் கருதப்படாதவிடத்து அந்த விலக்கு அவருக்குப் பொருந்தாது என்பதால், அவருக்காகச் செலுத்தப்படும் கட்டணத்தைப் பல நிறுவனங்கள் வரிக்குரிய தொகையாகவே காட்டுகின்றன.