பவுடர் தம்பிக்கு ஒரு கும்பிடு

இனி 'அன்ரிஒக்சிடன்ற்' பவுடர் எண்டு சொல்லிக்கொண்டு ஒருத்தரும் எங்கட படலையைத் திறக்காதேங்கோ. நாய் அவிட்டுத்தான் விட்டிருக்கு.

அம்மாவுக்கு வயல் வரம்பில விளாத்தி முள் ஏறி, குதிக்கால் வீங்கிச் சீழ் கட்டியிருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போவம் எண்டு வெளிக்கிடேக்கை வந்து இறங்கினார் தம்பி. கிளிநொச்சி வெயிலுக்கை ரை கட்டி, கையில பவுடர் டப்பா. காலைப் பாத்தார். பாத்த உடனேயே தீர்ப்பு!

"அன்ரி, இது ஃப்ரீ ரடிக்கல் செய்யிற வேலை. உடம்பில சேர்ற குப்பை. அதை அழிக்கிற அன்ரிஒக்சிடன்ற்தான் இந்தப் பவுடர். இதில ரெண்டு கரண்டி, அதோட டைக்குளோபெனக் வலிக் குளிசை ஒண்டு போடுங்கோ. வெள்ளை அணு எல்லாம் கிளீனாயிடும்."

கிளீனாயிடுமாம். வெள்ளை அணு என்ன, குசினிச் சட்டியோ?

நான் ஏ.எல். பிள்ளையளுக்கு உயிரியல் படிப்பிக்கிறனான். வாய் சும்மா இருக்குமோ? "தம்பி, நீர் சொல்லுற ஃப்ரீ ரடிக்கல், எதையும் உடனே தாக்கிற அந்தச் சுயாதீன மூலிகம், அதைச் செய்யிறதே வெள்ளை அணுதான். நியூத்திரோபில் எண்ட வெள்ளை அணு கிருமியை விழுங்கின கையோட ஒட்சிசனைச் சுப்பரொட்சைட்டு எண்ட மூலிகமா ஆக்கும். 1973இலேயே கண்டுபிடிச்சாச்சு. அதில இருந்து ஐதரசன் பரவொட்சைட்டு, பிறகு ஐப்போகுளோரசு அமிலம். வெள்ளம் வடிஞ்சாப் பிறகு கிணத்துக்குக் குளோரின் போடுறாங்களே, அதே சாமான்தான். சீழில தெரியிற அந்தப் பச்சை நிறம்கூட அந்த அமிலத்தைச் செய்யிற நொதியத்தின்ர நிறம். சுப்பரொட்சைட்டுச் செய்யிற நொதியம் பிறப்பிலேயே பழுதான பிள்ளையளுக்குத் திரும்பத் திரும்பக் கிருமி தொத்தும். குப்பை எண்டு நீர் சொல்லுறது அம்மாவின்ர காலைக் காக்கிற ஆயுதம்."

சிரிக்கிறார். என்னைப் பாத்து! "அக்கா, நீங்கள் பழைய சிலபஸ்."

விட்டனோ? வலிக் குளிசையளின்ர முதல் வேலை, நோவையும் வீக்கத்தையும் கூட்டுற புரொஸ்டாகிளாண்டின் உண்டாகிறதை மறிக்கிறது, 1971இல அதைக் காட்டின ஜோன் வேன் எண்ட விஞ்ஞானிக்கு 1982இல நோபல் பரிசும் குடுத்தாச்சு எண்டன். மூலிகத்தில கை வைக்கிறதில குளிசைக்குக் குளிசை வித்தியாசம். பிரொக்சிகாம் சுப்பரொட்சைட்டைக் குறைக்கும், ஐபுபுரோபன் அதை விட்டிட்டு அணுக்கள் ஒண்டோட ஒண்டு ஒட்டுறதைத்தான் குழப்பும், அதுவும் ஆய்வுகூடத்தில கண்டது எண்டன். பிரெட்னிசலோன் எண்ட ஸ்டீரொயிட் குளிசை போட்டா ரத்த ரிப்போட்டில வெள்ளை அணு ஏறும், ஆனா காயத்துக்குப் போறது குறையும் எண்டன். டெங்குக் காலத்தில காய்ச்சல் இருக்கோ எண்டுகூடக் கேளாமல் டைக்குளோபெனக் சொல்லுறீரே, ரத்தம் கசிஞ்சா ஆர் பொறுப்பு எண்டு கத்தினன்.

தம்பி ஆறுதலாத் தேத்தண்ணியைக் குடிச்சு முடிச்சு, "அதுக்குத்தான் அக்கா எங்கட பவுடர்" எண்டார்.

இதுக்குமேல ஆர் என்ன கதைக்கிறது? விலை கேட்டா ஒரு மூடை நெல்லுக் காசு. அம்மாவோ, "பாவம், பெடியன் ரை எல்லாம் கட்டி வந்திருக்கிறான், ஒண்டு வாங்குவம்" எண்டா. பெத்து வளத்துப் பட்டம் எடுக்கப் படிப்பிச்ச மனிசிக்கு என்ர உயிரியலை விட அந்த ரை பெரிசாப் போச்சு. எனக்குச் சிரிப்புத்தான் வந்திது.

இந்தச் சண்டைக்கை பின்வளவில குரங்குக் கூட்டம் இறங்கி, முத்தின கதலிக் குலையை அடியோட முடிச்சிட்டுதுகள். 2025 மார்ச்சில அரசாங்கம் அஞ்சு நிமிசம் வளவுக்கை நிண்டு குரங்கு மாதிரிப் பயிர் அழிக்கிறதுகளை எண்ணச் சொன்னது, எண்ணி எழுதிக் குடுத்தம். எண்ணினாப் பிறகு ஒண்டாவது குறைஞ்சதோ? கூடியெல்லோ கிடக்கு!