நிசப்தமாம், நிசப்தம்!

கணினிக்கு மின்சாரம் பிரித்துக் கொடுக்கும் பவர் சப்ளை ஒன்று வாங்கினேன். பெட்டியின் எல்லாப் பக்கத்திலும் ‘நிசப்தம்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். உள்ளே ஒரு சுவர்க்கோழியை அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். வீட்டில் சர்வர், அதாவது இரவு பகலாக ஓடும் கணினி, ஓடவிட்டிருப்பவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று புரியும். மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

பழைய எஸ்.எம்.பி.எஸ். (அதுவும் பவர் சப்ளைதான்) போட்ட இரைச்சலிலிருந்து தப்பிக்கத்தான் இந்தப் புதிய மகானை வாங்கினேன். பூட்டினேன், சுவிட்சைப் போட்டேன். விசிறி சுழலவே இல்லை. சுமை, அதாவது கணினி இழுக்கும் மின்சாரம், குறைவாக இருந்தால் விசிறி தானாக நின்றுவிடுமாம். அதற்குத் தனிப் பெயர், தனி விலை. ஆகா என்று விளக்கை அணைத்துப் படுத்தேன். ‘கீஈஈ’ என்றது. எழுந்தேன், நின்றுவிட்டது. படுத்தேன், ‘கீஈஈ’. கேபினட் விசிறியின் இணைப்பை எடுத்தேன். கீஈஈ. பிராசசர் விசிறியை விரலால் நிறுத்திப் பார்த்தேன். கீஈஈ. எல்லாவற்றையும் அணைத்து, ஹார்ட் டிஸ்குகளைக் கழற்றி, மறுபடி போட்டேன். இன்னும் தெளிவாகக் கீஈஈ! வீட்டில் இருப்பவர்கள் எழுந்து வந்து, நடுராத்திரியில் தரையில் குப்புறக் கிடந்து இரும்புப் பெட்டியில் காதை வைத்திருந்த என்னைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போனார்கள். கேட்டிருந்தாலாவது இரண்டு வார்த்தை புலம்பியிருப்பேன். டிஸ்குகளைத் திரும்பப் பூட்டி, பேக்கப்பை ஓடவிட்டேன். சுருதி மாறுகிறது! பேக்கப் முடிந்ததும் பழைய சுருதிக்கே வந்து நிற்கிறது.

விசிறி நின்றால் போதும், சத்தம் போய்விடும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? உள்ளே சுருள்களும் டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கின்றன. மின்சாரம் நொடிக்குப் பல்லாயிரம் தடவை வெட்டப்படும்போது அவை அதிர்கின்றன. அந்த வேகம் காதுக்கு எட்டாது, சரி. ஆனால் சுமை மிகவும் குறைந்துபோனால் பல பவர் சப்ளைகள் சிக்கனம் பிடிப்பதற்காக மின்சாரத்தைக் கொத்துக் கொத்தாக விட ஆரம்பிக்கின்றன. அந்தக் கொத்துகளின் வேகம் நேராக நம் காதில் வந்து விழுகிறது. வீட்டு சர்வரோ பெரும்பாலான நேரம் சும்மா இருப்பதற்கென்றே பிறந்தது. சுருளை நன்றாக இறுக்கிப் பசை வைத்திருந்தால் பாதி அடங்கியிருக்கும். பசைக்குப் பதில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள்.

புகார் எழுதினேன். “இது இயல்பான வரம்புக்குள்தான் உள்ளது” என்று பதில் வந்தது. எந்த வரம்பு ஐயா? யாருடைய காது?

அந்த 80 பிளஸ் கோல்டு முத்திரையைக் காட்டி, ‘நல்லதாகத்தானே வாங்கியிருக்கிறாய்’ என்று யாரும் வராதீர்கள். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான முத்திரை. சத்தத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அதையும் 20, 50, 100 சதவீதச் சுமையில்தான் அளக்கிறார்கள். 750 வாட் பவர் சப்ளையில் 20 சதவீதம் என்றால் 150 வாட். என் சர்வர் சும்மா இருக்கும்போது இழுப்பது 30 வாட் அளவுக்குத்தான், அதாவது 4 சதவீதம். என் வீட்டில் நடப்பதைப் பற்றி அந்த முத்திரைக்கு எதுவுமே தெரியாது. பவர் சப்ளைகளைச் சோதிக்கும் சைபனெட்டிக்ஸ் நிறுவனம் சத்தத்துக்கென்றே ‘லாம்ப்டா’ தரம் கொடுக்கிறது. சராசரி 15 டெசிபலுக்குக் கீழே இருந்தால் ஏ பிளஸ் பிளஸ். அதைப் பெட்டியின் முகப்பில் போடலாமே? போட மாட்டார்கள். அங்கே நெருப்புக் கக்கும் டிராகனுக்கு இடம் வேண்டும்.

சரி, சின்னதாக 300 வாட்டில் வாங்கலாம் என்று தேடினால், கிடைப்பதில் பாதி 40 மில்லிமீட்டர் விசிறி வைத்தவை. அது சுழன்றால் பக்கத்து அறைக்கும் தெரியும். விசிறியே இல்லாததை வாங்கினால் விலையைக் கேட்டு நமக்குச் சத்தம் வராது. ‘நீயே திறந்து விசிறியை மாற்று’ என்று யோசனை சொல்லும் மேதாவிகளே, உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டரில் முன்னூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கலாம். முதலில் நீங்கள் தொட்டுக் காட்டுங்கள்.

இத்தனையும் புலம்பிவிட்டுத் திரும்பினால், கணினிகளை இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சின் நீல விளக்கு கூரை முழுக்க அடித்துக்கொண்டிருக்கிறது. நீல எல்.இ.டி.க்கு 2014-இல் இயற்பியல் நோபல் கொடுத்தார்கள். கொடுக்கட்டும், தகுதியான வேலைதான். ஆனால் அதைக் கண்ணில் பட்ட கருவியிலெல்லாம் கலங்கரை விளக்கப் பிரகாசத்தில் பொருத்திய புண்ணியவான் யார்? அவர் படுக்கையறையில் என்ன எரிகிறது? கறுப்பு டேப்பை வேறு காணோம்.