கோபம் நியாயம், வழிதான் பிழை

முதலாளியிடம் கொள்ளையடிக்கச் சக ஊழியரைக் கூப்பிட்டவர் பற்றிய கட்டுரையை வாசித்ததும் பழையது ஞாபகம் வந்தது. திருகோணமலை மத்திய வீதியில் ஒரு கடையில் வேலை செய்தேன். கூட நின்ற அண்ணன் ஒருநாள் தேநீர்க் கடையில் வைத்து, "தம்பி, முதலாளி வங்கிக்குக் காசு கொண்டுபோற நேரம் எனக்குத் தெரியும். நீ மோட்டார் சைக்கிளை மட்டும் ஓட்டு" என்றார். பிளேன்டீ கிளாசைப் பிடித்திருந்த அவர் கை நடுங்கியது.

அவர் கோபத்தில் பிழையில்லை. ஓய்வுகாலச் சேமிப்பான சேமலாப நிதிக்கென்று எங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் வெட்டினார்கள். முதலாளி தன் பங்குக்கு 12 சதவீதம் போடவேண்டும். இரண்டுமே கட்டப்படவில்லை. ஆனால் கொள்ளையடிக்க இருவர் கூடி இணங்கினாலே சட்டத்தில் அது சதிக் குற்றம். பிள்ளைகளை யார் பார்ப்பது என்று கேட்டேன், அழுதுவிட்டார். அப்புறம் இருவருமாகத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்தோம். இழுபட்டது, சரி, ஆனாலும் காசு வந்தது.